பேட்ச் ஏறினால்தான் முகூர்த்தம்

ஜமுனாமரத்தூர்

மதிப்பிற்குரிய சம்பந்தி ராஜேந்திரன் அவர்களுக்கு, குணசீலன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், அம்சவல்லி, மகள் புவனா, இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். படவேட்டில் தாங்களும் தங்கள் கரும்பும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தை முகூர்த்தத்தைப் பங்குனிக்குத் தள்ள முடியுமா என்று கேட்கவே இந்தக் கடிதம். போனில் கேட்கத் தைரியம் இல்லை.

லிஸ்ப் என்றொரு கணினி மொழி, அடைப்புக்குறிகளை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். அதில் ஒரு வரிசையில் ஐந்து இடத்தைக் காட்டி எட்டுப் பொருளை வை என்றால், ஐந்தை வைத்துவிட்டு மூன்றைச் சத்தமில்லாமல் தொலைத்துவிடுகிறதாம். அப்படிச் செய்யாமல் பிழை என்று கத்த வேண்டும் என்று புவனா ஒரு திருத்தம் எழுதி, அந்த மொழியைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினாள். அதற்குப் பெயர் பேட்ச். அவர்கள் ஒப்புக்கொண்டு மொழியில் சேர்த்துவிட்டால் பேட்ச் ஏறிவிட்டது என்று அர்த்தம். அது ஏறும்வரை கல்யாணப் பேச்சே கூடாதாம். ஒரு வாரத்தில் ஏறிவிடும் என்று நம்பித் தங்களுக்குத் தேதி கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர்களில் ஒருவர், கத்தினால் பழைய நிரல்கள் நின்றுவிடும், வரிசையை நீட்டிவிடு என்றார். நீட்டினாள். இன்னொருவர், நீட்டாதே, பழையபடி தொலைத்துவிடு, ஆனால் மரியாதையாக எச்சரித்துவிட்டுத் தொலை என்றார். அதையும் செய்தாள். மூன்றாமவர் முதலில் எழுதியதே தேவலை என்றார். அன்று அவள் சாப்பிடவில்லை. பெற்ற மனம் கேட்குமா? "இன்னாடி இது, நம்ம பஸ்ல அஞ்சு சீட்டுக்கு எட்டுப் பேரு ஏறுனா, கண்டக்டரு மூணு பேர மலை வளைவுல தள்ளிவுட்டுட்டா போறாரு? எடமில்லன்னு வாயத் தொறந்து சொல்றாரு இல்ல?" என்றேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாப்பா உனக்கு?" என்று அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள். வந்தது வினை. நின்றுகொண்டு வருகிறவர்கள் கணக்கில் உண்டா என்று ஒரு ஜெர்மனிக்காரர் கேட்டார். மடியில் குழந்தை இருந்தால் என்று இன்னொருவர். பேட்சை விட்டுவிட்டுப் பதினோரு நாளாக நம் பேருந்தைத்தான் அலசுகிறார்கள். இவள் ஏழாவது முறையாகத் திருத்துகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. இப்படியொரு பிடிவாதக்காரி வேண்டாம் என்று மாப்பிள்ளை பூவரசன் சொல்லிவிடுவாரோ என்று அம்சவல்லி அழுகிறாள். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும், அதில் பாதியளவாவது பொறுமையையும் அம்மன் அருளட்டும்.

தங்கள்,
குணசீலன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் பேட்ச் ஏறிவிட்டது! தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள், மற்றவர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் வேலையை அவர்கள் புவனாவிடமே கொடுத்துவிட்டார்களாம். அவள் கைக்கு முதலில் வந்திருப்பது நம் மாப்பிள்ளை எழுதிய பேட்ச். அவளுக்குப் பிடிக்குமே என்று ஆசையாக எழுதியிருக்கிறார், பாவம். ஒன்பது குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் திருத்தி முடிக்கட்டும், முகூர்த்தத்தை ஆவணிக்கு மேல் பார்த்துக்கொள்வோம்.