பானுப்பிரியாவுக்குத் தாய்வீட்டுச் சீர்

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் ஹேமநாதனுக்கு,

உன் அக்கா புருஷன் ஜெயராமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாங்காட்டு அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்கா அஞ்சலையும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் நான் சௌக்கியமில்லை. அங்கே நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும், முக்கியமாக பேங்கில் கிடக்கும் உன் பணமும், ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்த அம்மனையே கேட்டுக்கொள்கிறேன்.

இங்கிருக்கிற மாங்காட்டுக்குத் தபால் எதுக்கு மாமா, ஒரு போன் போட்டால் ஆகாதா என்று நீ கேட்பாய். போனைக் கண்டாலே இப்போது எனக்குப் பயம் மச்சான். போன வாரம் முழங்கால் வலிக்கிறது என்று உன் அக்காவிடம் வாயால்தான் சொன்னேன், அடுத்த நிமிஷம் என் போனில் முழங்கால் தைல விளம்பரம் வந்து நின்றது. அன்றிலிருந்து முக்கியமான பேச்சு எதையும் அதன் எதிரில் பேசுவதில்லை. இப்போது கூட அதை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான். செம்பரம்பாக்கம் மனையை விற்ற பணத்தை, சொந்தமாக ஒரு வீடு அமைகிற வரைக்கும் பேங்கில் சும்மா போட்டு வைப்பானேன், ஏதோ ஒரு ஆப்பில் போட்டால் மூணு மாசத்தில் ரெண்டு மடங்காகுமாமே என்று நீ உன் அக்காவிடம் விசாரித்தாயாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கென்று இருந்தது அந்த ஒரு மனைதான். அந்தப் பணம் போனால் ஆயுசுக்கும் நீ வாடகை வீட்டில், வீட்டுக்காரன் மோட்டார் போடுகிற நேரத்துக்குத்தான் குளிக்க வேண்டியிருக்கும். அதனால் எங்கள் தெருவில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் பக்கத்து வீட்டு நாகவல்லியை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் பாயசம் சரியில்லை என்று சொன்னவள். அவள்தான் முதலில் 'பொன்மழை' என்ற ஆப்பைக் கொண்டு வந்தாள். வேலை ஒன்றும் கிடையாது, போனில் ஓட்டல் படம் வரும், அதுக்கு நட்சத்திரம் போட வேண்டும், போட்டால் காசு. பூந்தமல்லியைத் தாண்டிப் போய் ஒரு ராத்திரி தங்கினதில்லை நாகவல்லி, அவள் சுவிட்சர்லாந்து ஓட்டலுக்கெல்லாம் மார்க் போட்டுகினு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் சேர்ந்துவிட்டார்கள். உன் அக்காவும்தான். எனக்குச் சாப்பாடு போடுகிற நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தலகாணி உறை அழுக்கா கீது, இதுக்கு மூணுதான் போடுவேன்" என்று ரொம்ப நேர்மையாக வேலை பார்த்தாள். காசும் நிஜமாகவே வந்தது மச்சான். காய்கறி வாங்குகிற அளவுக்கு வந்தது. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

நான் முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்தவன். மரை சரியில்லாத போல்ட் என் கையைத் தாண்டிப் போனது கிடையாது. சும்மா விடுவேனா. நட்சத்திரம் போடுகிறதுக்கு எவன் காசு தருவான், அவனுக்கு எங்கிருந்து வருது என்று அந்த ஆப்பை உட்கார்ந்து ஆராய்ந்தேன். லட்சாதிபதி ஆனவர்கள் என்று ரெண்டு பேர் வீடியோவில் பேசினார்கள். ஒருத்தர் திருச்சி டாக்டர், இன்னொருத்தர் நெல்லை விவசாயி. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில் மச்சம், ஒரே சட்டை. எனக்குப் பகீரென்றது. அதற்குள் 'தங்க உறுப்பினர்' ஆக டெபாசிட் கட்டச் சொல்லி எல்லாருக்கும் தகவல் வந்துவிட்டது. தண்ணி லாரி வந்து தெருவே குடத்தோடு நின்றபோது, அந்த மச்சத்தைப் பெரிசாக்கி ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேராகவும் காட்டினேன். ஒருத்தி கூட டெபாசிட் கட்டவில்லை. நாகவல்லியே, "அண்ணாத்தே, நீ மட்டும் இல்லனா எங்க கதி இன்னா ஆயிருக்கும்" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அன்று நான் தெருவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த ஆப்புக்கு மேனேஜர் என்று பானுப்பிரியா என்ற ஒரு பெண் இருந்தாள். இருந்தாள் என்றால், போட்டோவில் இருந்தாள். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். தினமும் காலையில் ஒவ்வொருத்திக்கும், "அக்கா, டிபன் ஆச்சா, கால் வீக்கம் எப்படி இருக்கு" என்று அனுப்புவாள். நாற்பது வருஷத்தில் நான் ஒரு நாளாவது என் கால் வீக்கத்தை விசாரித்தேனா என்று உன் அக்கா என்னை அடிக்கடி கேட்கிறதுக்கு அவள்தான் காரணம். இந்த பானுப்பிரியா டெபாசிட் கட்டாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலுக்கு ஒரு பத்திரிகை அனுப்பினாள். வளைகாப்புப் பத்திரிகை. "அக்கா, நான் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. பெத்தவங்க சேர்க்கல. எனக்குத் தாய்வீடுன்னு யாரும் இல்ல. நீங்கதான் வந்து வளையல் போடணும்" என்று எழுதியிருந்தாள். கீழே மண்டபத்து விலாசம், செம்பரம்பாக்கம். அதுக்கும் கீழே, வர முடியாதவர்கள் மொய் அனுப்புவதற்கு ஒரு கட்டம் போட்ட கியூஆர் கோடு.

மச்சான், ஆயிரம் ரூபாய் டெபாசிட்டுக்கு உஷாரான அதே பொம்பளைகள், அதைப் போல மூணு மடங்கு மொய் அனுப்பினார்கள். வர முடியாதவர்கள் அனுப்பினது போக, வரப்போகிறவர்களும் அனுப்பினார்கள், கையை வீசிக்கொண்டு எப்படிப் போகிறது என்று. ஒருத்தி கூடக் கடைசியில் அந்த ஒரு ரூபாயைச் சேர்க்க மறக்கவில்லை. அடியே, அதே ஆள்தானே இவள் என்று உன் அக்காவிடம் கத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாயா பேசுற நீ. அது வேற, இது வேற. அது யாவாரம். இது வயித்துப்புள்ளக்காரி வாயத் தொறந்து கேட்டுகீறா. இதுல போய் மரை கீதா, மட்டம் கீதானு பாத்துகினு கீற." தாய்வீடு இல்லாத பெண்ணுக்குச் செய்கிறதைத் தடுத்த பாவம் எனக்கு எதுக்கு என்று விட்டுவிட்டேன்.

குறித்த நாளில் வேன் பிடித்தார்கள். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் அண்டாவில். தட்டுத் தட்டாக வளையல், பூ, பழம், ஒரு பச்சைப் பட்டுப்புடவை வேறு. நான் துப்பறிகிற நோக்கத்தில் மட்டும் கூடப் போனேன், தயிர் சாத அண்டாவை மடியில் பிடித்துகினு. ஏரியைத் தாண்டி, மண் ரோட்டில் திரும்பி, விலாசத்தில் போய் இறங்கினால் மண்டபமும் இல்லை, மாவிலையும் இல்லை. மலை மாதிரி ஒரு குடோன். வாசலில் உத்தமன் என்று ஒரு செக்யூரிட்டி. பட்டுப்புடவையும் தட்டுமாக இறங்கினவர்களைப் பார்த்து ஆள் எழுந்தே நின்றுவிட்டான். "வளைகாப்பா? இங்க வாஷிங் மெஷின் தான் கீது நைனா. காலைல ஒரு கும்பல் வந்துச்சு, அதோ அந்த வேப்ப மரத்தாண்ட குந்திகினு கீறாங்க" என்றான்.

அங்கே பார்த்தால் ஆவடியிலிருந்து ஒரு வேன் பொம்பளைகள். அவர்களிடமும் தட்டு, அவர்களிடமும் அண்டா. அனுசுயா என்ற ஒரு அம்மா தலைவி மாதிரி முன்னால் வந்து, "நீங்க யாரு? பொண்ணுக்குத் தாய்வீடு நாங்க" என்றாள். உடனே நாகவல்லி இடுப்பில் கையை வைத்துவிட்டாள். "தாய்வீடு நீங்கன்னா அப்ப நாங்க யாரு, அவகிட்ட எத்தினி மாசமா பேசிகினு கீறோம் தெரியுமா" என்று இவள் போனைக் காட்ட, அவள் போனைக் காட்ட, ரெண்டிலும் ஒரே கால் வீக்கம், ஒரே டிபன். அப்போதாவது உறைக்க வேண்டாமா. உறைக்கவில்லை மச்சான். முதல் வளையல் யார் போடுகிறது என்றுதான் அரை மணி நேரம் சண்டை. பூந்தமல்லியிலிருந்து மூன்றாவது வேன் வந்து நின்று, அவர்களும் தாய்வீடு என்று இறங்கின பிறகுதான் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள்.

நான் அங்கே கிடந்த மரப் பலகை மேலே ஏறி நின்று விளக்கமாகச் சொன்னேன். அழைப்பும் பொய், வயிறும் பொய், எல்லாரும் இப்படியே வேனில் ஏறுங்க, போய் போலீசில் எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வர வழி உண்டு என்றேன். மூன்று வேன் பொம்பளைகளும் என்னைத்தான் ஏமாற்றுக்காரன் மாதிரி பார்த்தார்கள். அனுசுயாம்மா சொன்னாள், "டெபாசிட்டுன்னா கேக்கலாங்க. எழுதின மொய்யப் போய் போலீஸ்ல திருப்பிக் கேப்பாங்களா? நாளைக்கு எவ நம்ம ஊட்டு விசேஷத்துக்கு வருவா?" உடனே நாகவல்லி, அதுவரை அவளோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவள், "அதானே. நம்ம ஊட்ல விசேஷம் வந்தா அவ செய்யாமயா பூடுவா" என்று அவள் பக்கம் போய் நின்றாள். எனக்கு ஏமாந்ததை விட அதுதான் பேரதிர்ச்சி. திருடிய பணத்தை மொய் என்று சொல்லிவிட்டால் நம் ஆட்களிடம் புகாரே கிடையாது என்பதை அந்தத் திருடன் எந்தக் காலேஜில் படித்தான் என்று தெரியவில்லை.

சீர்த்தட்டைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று அடுத்த பிரச்சினை. குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பெண் ஒருத்தி, நிஜமாகவே மாசமாக இருக்கிறவள், தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். அவ்வளவுதான். அவளை வாஷிங் மெஷின் பெட்டி மேல் உட்கார வைத்து மூன்று தாய்வீடும் வளையல் அடுக்கினார்கள். அந்தப் பெண் முதலில் மிரண்டாள், அப்புறம் அழுதாள், அவளுக்கும் வளைகாப்பு செய்ய ஆள் இல்லையாம். எனக்கும் கண் கலங்கிவிட்டது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உத்தமனிலிருந்து லாரி டிரைவர் வரை சாப்பிட்டார்கள். உன் அக்கா அந்தப் பெண்ணுக்கும் ஒரு மொய் வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள். அங்கே நடந்ததைப் பொம்பளைகள் ஒன்று விடாமல் அனுப்பியும், பானுப்பிரியா அன்றிலிருந்து பதில் போடுவதில்லை, போனையும் எடுப்பதில்லை. "ஏழு மாசத்துலயே வலி எடுத்துட்டுதோ இன்னாவோ" என்று உன் அக்கா மாங்காட்டு அம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் எதுக்கு எழுதுகிறேன் என்றால், ஏமாற்றுகிறவன் இப்போது பணம் என்று கேட்டு வருவதில்லை மச்சான். நமக்கு எது உசத்தியோ அதைச் சொல்லிக்கொண்டு வருகிறான். தெரியாத நம்பரிலிருந்து எவன் பேசினாலும் கட் பண்ணு. மாமா என்றாலும் கட் பண்ணு, சார் என்றாலும் கட் பண்ணு. மனை விற்ற பணத்தைப் பற்றி மூச்சு விடாதே, உன் நிழலிடம் கூடச் சொல்லாதே. வீடு அமைகிற வரை அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகளுக்கு என் முத்தம். வருகிற வருஷத்துக்குள் சொந்த வீட்டில் பால் காய்ச்சி, நான் வந்து முதல் ஆளாக மொய் எழுத அம்மன் உனக்கு அருள வேண்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும் மாமா,
ஜெயராமன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அரிசி டப்பாவுக்குள் போன் அடித்தது. பேசியவர் ஸ்ரீகாந்த் என்கிற பெரிய அதிகாரி, ஆன்லைன் மோசடி ஒழிப்புத் தலைமையகமாம். குடோன் வாசலில் நான் பலகை மேல் ஏறிப் பேசினதிலிருந்து, எந்த வேனில் எந்த சாதம் போச்சு என்பது வரை புட்டுப் புட்டு வைக்கிறார். ஆடிப் போயிட்டேன். டிபார்ட்மென்ட்னா இப்படித்தான் இருக்கணும். அந்த மச்சத்தைக் கண்டுபிடிச்ச மூளை அவங்க ஆபீஸ்லயே யாருக்கும் இல்லையாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணுக்கும் சேர்த்து என்னை கௌரவ இன்ஸ்பெக்டரா போடுறாங்க, அடையாள அட்டையும் தொப்பியும் கூரியர்ல வருது. அதுக்குண்டான டெபாசிட்டை அப்பவே அனுப்பிட்டேன், உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். குடும்பத்தில் பேங்கில் ரொக்கம் இருக்கிற ஒருத்தர் ஜாமீன் நிற்கணும்னு கேட்டார், உன் பேரையும் நம்பரையும் கொடுத்திருக்கேன். உன் போனுக்கு ஆறு எண் வரும், கேட்டதும் படிச்சுச் சொல்லிடு. என்னை வாய்க்கு வாய் ஐயான்னு கூப்பிடுற மனுஷன், மேலே நான் எழுதினதை வச்சு அவர்கிட்ட மரியாதைக் குறைவா பேசிடாதே. இன்னைக்கே உன்னைக் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கார், தபால் வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால் நீ இதைப் படிக்கிறதுக்குள்ள எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்.