மச்சானின் பேட்ஜும் என் சாம்பார் வாளியும்

உக்கடம், கோயமுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஷாநவாஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சித்திகாவைக் கட்டிய நாளிலிருந்து தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவதிப்படும் ஷேக் பரீத் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சித்திகா, பையன் ரைஹான், என் பாத்திர வாடகைக்கடையிலுள்ள அண்டா குண்டா எல்லாம் இறைவன் கிருபையில் சுகம். ஓசூரில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் மறந்துபோகும். அதனால்தான் கடிதம். இத்துடன் தங்கள் பழைய மாணவர் பேட்ஜையும் வைத்து அனுப்புகிறேன். இனிமேல் அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், எனக்குப் பொறாமை. உங்கள் மேல் பாதி, அந்தக் கட்டடத்தின் மேல் பாதி. லூசியன் பாதர் பிரான்சிலிருந்து வந்து, போத்தனூர் ரயிலடியில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போக, வழியில் மாடு படுத்துக்கொண்டதாம், அங்கேயே அதை மரத்தில் தொங்கவிட்டு மணியடித்துப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தாராம். இந்தக் கதையை உங்கள் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மாட்டின் முகமே மனப்பாடம். அது இன்னும் கொஞ்சம் தெம்பாக நடந்திருந்தால் பள்ளிக்கூடம் என் கடைக்கு எதிரிலேயே வந்திருக்கும், பாத்திரம் ஏற்றிப்போகிற வண்டிக் கூலியாவது எனக்கு மிச்சமாகியிருக்கும். நான் படித்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கத்தான் வேண்டும், அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாட்ச்மேனுக்கு ஞாபகம் வந்தால் மணி, வராவிட்டால் இன்னொரு பீரியட் கணக்கு. பத்தாவதோடு நான் வெளியே வந்தபோது அந்தப் பள்ளிக்கூடம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் பேட்ஜ், பாட்டு, பச்சை ஹவுஸ், நீல ஹவுஸ்.

ரைஹான் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்ந்த அன்றைக்கு நான்தான் டை கட்டிவிட்டேன். அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அத்தா, இது அண்டாவுக்குக் கயிறு போடற முடிச்சாட்ட இருக்குதுங்க" என்று அவிழ்த்துப்போட்டான். வீடியோ காலில் நீங்கள் சொல்லிக்கொடுத்த முடிச்சுதான் இன்றுவரை அவன் கழுத்தில் இருக்கிறது. அதற்கு வீட்டில் பேரே மாமா முடிச்சு. சோறு போட்டால் "மாமா காலத்துல டிபன் பாக்ஸை மாத்திக்குவாங்களாமா", முடி வெட்டினால் "மாமா காலத்துல காதுக்கு மேல ஏத்தி வெட்டோணுமாமா." ஏனுங்க மச்சான், உங்கள் காலத்தில் நானும்தான் இருந்தேன்!

இதெல்லாம் போகட்டும். ஸ்தாபகர் தினப் பந்தியில் பழைய மாணவர்கள்தான் பரிமாற வேண்டும், மற்ற அப்பன்மாரெல்லாம் பந்தலில் உட்கார்ந்து மோர் குடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வருடா வருடம் பாத்திரம் என் கடையிலிருந்துதான் போகிறது. எல்லாவற்றிலும் 'ஷே.ப.' என்று வெட்டியிருக்கிறது. காலையில் இறக்குவேன், சாயங்காலம் ஏற்றுவேன். நடுவில் கரண்டி பிடிக்க எனக்கு அருகதை இல்லை. இந்த வருடம் மாமா வந்து தன் இலைக்குச் சாம்பார் ஊற்றுவார் என்று ரைஹான் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். நீங்களோ முந்தின நாள் போன் பண்ணி, "லீவு கிடைக்கலீங்க மாப்ள" என்றீர்கள். பையன் முகம் தொங்கிப்போனது. எனக்கோ, மறைக்காமல் சொல்கிறேன், குளிர்ந்துபோனது. சித்திகா பீரோவில் போன வருடம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் மறந்து வைத்த பேட்ஜ் இருந்தது. சட்டையில் குத்திக்கொண்டேன்.

"ஏனுங்க, இது நல்லா இருக்குதுங்களா?" என்றாள் சித்திகா.

"உங்கண்ணன் வராத குறையைத் தீர்க்கப் போறேன் அம்மணி" என்றேன்.

பந்தி மண்டபத்துக்குள் கால் வைத்ததும் ஒரு தடித்த ஆள் ஓடி வந்தார். பேட்ஜில் பேரைப் படித்துவிட்டு, "டேய் ஷானு! முடி போச்சு, தாடி வந்துச்சு, அந்தத் திருட்டு முழி மட்டும் மாறவே இல்லியேடா!" என்று கட்டிக்கொண்டார். உங்கள் சிநேகிதர் ஆல்வின், பள்ளிக்கூடம் விட்டபிறகு உங்களைப் பார்த்ததே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிரவுண்டில் அவர் கால் முறிந்த அன்றைக்கு நீங்கள் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓடினீர்களாமே. "நீயில்லீன்னா நான் நொண்டிதான்டா" என்று என் தோளில் அழுதார். மாட்டுக்கதையை நூறு தரம் சொன்ன மனுஷன் இதை ஒரு தரம்கூட எங்களுக்குச் சொல்லவில்லையே! உங்களுக்குச் சேர வேண்டிய கண்ணீரில் என் சட்டை நனைந்தது. என்னை இப்படிக் கட்டிப்பிடித்து அழ ஊரில் ஒரு ஆள் இல்லை என்று எனக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், அவர் ஒன்றை நினைத்து, நான் ஒன்றை நினைத்து.

சாம்பார் வாளி என் கையில். ரைஹான் இலைக்கு இன்னும் இரண்டு இலைதான் பாக்கி. என்னைப் பார்த்து அவன் வாய் பிளந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்டவாள மணி ஒரு தட்டு தட்டியது. மண்டபமே கப்சிப். பையன்கள் பிசைந்த கையோடு, பழைய மாணவர்கள் தூக்கிய கரண்டியோடு, ஹெட்மாஸ்டர் பாதர் கண்ணை மூடியபடி, எல்லாரும் சிலையாட்டம் நின்றுவிட்டார்கள். நான் என்னத்தைக் கண்டேன்? சாம்பாருக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து வேகமாக எட்டு வைத்தேன். ஆல்வின் மேல் மோதினேன். அவர் அசையவில்லை, அடி வாங்கிய வாளிதான் அசைந்தது. சாம்பார் மேலே எழும்பிப் போய் பாதரின் வெள்ளை அங்கியில் இறங்கியது. அவரும் அசையவில்லை மச்சான்! முருங்கைக்காய் ஒன்று அங்கியில் மெதுவாக வழுக்கி இறங்குகிறது, மனுஷன் கண்ணைத் திறக்கவில்லை. நான் துண்டைத் தேடி அங்கேயும் இங்கேயும் ஓடுகிறேன். அத்தனை பேரில் ஓடுகிறவன் நான் ஒருத்தன்தான்.

அப்போது ஒரு இலையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். ரைஹான். "அத்தா, அசையாம நில்லுங்க. ரெண்டாவது மணி அடிக்கற வரைக்கும் அவங்கவங்க சாமியை நினைச்சுட்டு நிக்கோணும்" என்று கிசுகிசுத்தான். கையை விடாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

ரெண்டாவது மணி அடித்ததும் எழுந்த சிரிப்பில் கூரை ஓடு பறக்காதது ஆச்சரியம். பாதர் கண்ணைத் திறந்து, அங்கியைப் பார்த்து, பேட்ஜைப் பார்த்து, "மிஸ்டர் ஷாநவாஸ், நம்ம மணியை மறந்துபோட்டீங்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ரைஹான், "இவரு ஷாநவாஸ் இல்லீங்க பாதர். அது எங்க மாமா. இவரு எங்க அத்தா. பாத்திரமெல்லாம் இவரோடதுங்க" என்றான். பாதர் வாளியை வாங்கித் திருப்பி, வெட்டியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். "வருஷா வருஷம் இந்தப் பேரைப் பார்த்துட்டே சாப்பிடறோம். ஆளைத்தான் இன்னிக்குப் பார்க்கறோமுங்க. போயி பையனுக்கு ஊத்துங்க" என்றார். வாளியில் எங்கே இருக்கிறது? எல்லாம் அவர் மேல்தான் இருந்தது. ரைஹான் மோர் ஊற்றித் தின்றான்.

ஆக, ஊரறிய மானம் போனது. அத்தனை பெருமை பேசினீர்களே, மணி அடித்தால் நிற்க வேண்டும் என்ற ஒன்றைச் சொல்லக் கூடாதா? நாளைத் திங்கட்கிழமையே டி.சி. வாங்கி, பையனை வீட்டுப் பக்கத்திலேயே சேர்த்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். இனி ஸ்தாபகர் தினத்துக்கு நீங்களும் வர வேண்டாம், பாத்திரமும் போகாது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்கள் குடும்பத்துக்கு இறைவன் எல்லா பரக்கத்தும் தரட்டும்.

தங்கள் பிரியமுள்ள,
ஷேக் பரீத்

பி.கு.: திங்கட்கிழமை போனேன். ரெண்டாவது மணிக்கு முன்னால் அசைந்த குற்றத்துக்கு ரைஹானுக்குத் தண்டனையாம், இந்த வாரம் முழுக்க அவன்தான் தண்டவாள மணி அடிக்க வேண்டும். மாமாவுக்கே கிடைக்காத தண்டனை என்று பையன் கால் தரையில் பாவவில்லை. டி.சி. கேட்க வாய் வரவில்லை. பழகிப் பார்க்கிறேன் என்று கடையில் அண்டாவை ஒரு தட்டு தட்டினான், நான் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டேன். பாத்திரம் எடுக்க வந்தவர் தண்ணீர் தெளித்து எழுப்பினார். அடுத்த வருடம் கண்டிப்பாக வாருங்கள், ஆல்வின் உங்களைத் தேடுகிறார். சாம்பார் வாளியை மட்டும் கேட்காதீர்கள், பாதர் எனக்கென்று சொல்லிவிட்டார். கவருக்குள் பேட்ஜைத் தேட வேண்டாம். இருக்காது.