இதயம் போட்டாச்சு

இதயக்காரி என்று ஓர் இனம் உண்டு. காதலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, வைத்தியத்துக்கும் இல்லை. கைப்பேசியில் ஒரு பொம்மைப் பெண்ணுக்கு உடை மாற்றி, முடி சீவி, நகை பூட்டி, அந்தப் படத்தைக் குழுவில் போட்டுவிட்டு, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போடச் சொல்லிப் பிடுங்கி எடுக்கிறாளே, அவள்தான். மாதக் கடைசியில் அதிக இதயம் வாங்கிய பொம்மைக்குக் கிரீடம். கிரீடமும் படம்தான். தலையில் வைக்க முடியாது, அடகும் வைக்க முடியாது. ஆனால் அதற்காகச் சொந்த நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

கரும்பு விளையும் எங்கள் பக்கோலோட் நகரில் தடுக்கி விழுந்தால் ஓர் இதயக்காரியின் மேல்தான் விழ வேண்டும். அவளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். "சாப்பிட்டாச்சா?" என்று நீங்கள் கேட்டால் "இதயம் போட்டாச்சா?" என்று அவள் கேட்பாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஜோவிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனைக்கு வந்தவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் உள்ள எழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க அங்கிள், ஒரு நிமிஷ வேலை" என்பாள். அங்கிள் வெளியே வரும்போது மூக்கில் புதுக் கண்ணாடி இருக்கும், போனில் பொம்மைக் குழு இருக்கும். பாவமன்னிப்புக் கூண்டிலேயே பாதிரியாரிடம் இதயம் கேட்டுவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். பூசை முடிந்து வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

தெருமுனையில் கோழி சுட்டு விற்கும் தொதோங்குக்குப் பொம்மையும் தெரியாது, கவுனும் தெரியாது. அவனும் உறுப்பினர்தான்.

"போன மாசம்தானே போட்டேன், அக்கா."

"அது போன மாசப் பொம்மைக்குடா. போன மாசம் உன்கிட்ட கோழி தின்னவங்க இந்த மாசம் திங்க மாட்டாங்களா?"

கையில் விசிறியோடு அவன் கட்டை விரலால் ஓர் இதயத்தை அமுக்கினான்.

தொதோங் மாதிரி இளித்தவாயர்களைத் தவிர யாரும் சும்மா இதயம் போடுவதில்லை. நான் உனக்கு, நீ எனக்கு. கூடவே பாராட்டும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மரியாதையில்லை. தினம் எத்தனை பொம்மையைப் பார்ப்பது, எத்தனை பேருக்கு எழுதுவது? ஜோவிலின் ஒரே ஒரு பாராட்டை எழுதிப் போனில் சேமித்து வைத்திருந்தாள். "ஐயோ, என் கண்ணே பட்டுடும் போலிருக்கு. இதயம் போட்டாச்சு, நீங்களும் போடுங்க." விரலால் ஒரு தட்டு, ஒட்டிக்கொள்ளும். படத்தைத் திறக்கக்கூட வேண்டாம். ஒருமுறை குழுவில் ஓர் அம்மாள் தன் செத்துப்போன நாயின் படத்தைப் போட்டிருந்தாள். ஜோவிலின் வழக்கம்போல ஒட்டிவிட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டாளா? அதுதான் இல்லை. "நன்றி. உங்களுக்கும் போட்டாச்சு" என்று உடனே பதில் வந்தது.

இப்படிப்பட்ட ஜோவிலினுக்கு இந்த மாதம் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. உண்மையிலேயே ஓர் அழகான பொம்மை செய்துவிட்டாள். கரும்பு பூத்திருக்கும் நிறத்தில் ஒரு நீண்ட கவுன், தோளில் பட்டாம்பூச்சி போல் எழும்பி நிற்கும் பழங்காலத்துச் சட்டைக் கைகள், லேசாகச் சாய்ந்த தலை, காலில் கிளிப்பச்சைச் செருப்பு. மதியச் சாப்பாட்டு நேரங்களையெல்லாம் அதற்கே கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவள் நீட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எதிரில் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள்? இந்தப் பொம்மையையாவது ஊர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கிரீடம் கிடைத்தால் ஊர் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் அவள் நம்பினாள்.

ஒரே தடை நெனித். எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள், அவளும் இதயக்காரி. எப்போதோ இவள் போட்ட ஓர் இதயத்தை அவள் திருப்பிப் போட மறந்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஜென்மப் பகை. ஜோவிலின் ரொட்டி வாங்க வேறு தெருவுக்குப் போனாள். நெனித் கண்ணை இடுக்கி இடுக்கியே கல்லாவைக் கவனித்தாள், ஆனால் எதிரில் இருக்கும் கடையில் கண்ணாடி வாங்கவில்லை.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் சரிசமமான இதயங்கள். நாள் முழுக்க எல்லாரும் எல்லாருக்கும் போட்டால் வேறென்ன ஆகும்? குழுவின் தலைவி மேடம் தெல்மா கல்யாண கவுன் வாடகைக்கு விடுகிறவர், பொல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனிலேயே குழுவில் எல்லாரையும் ஒன்றாகப் பேச அழைத்தார். படங்களை மறைத்துவிட்டார்.

"எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தானே இதயம் போட்டீங்க. அப்ப சொல்லுங்க பார்ப்போம். ஜோவிலின் பொம்மை என்ன உடுத்தியிருந்தது?"

யார் வீட்டிலோ சேவல் கூவியது.

"கவுன்," என்றது ஒரு குரல்.

"எல்லாம் கவுன்தாண்டி. எப்படிப்பட்ட கவுன்?"

"அழகான கவுன், மேடம்."

ஜோவிலின் திரையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண் பட்டுவிடும் என்று எழுதியவர்கள், தேவதை என்று எழுதியவர்கள், தூக்கமே வரவில்லை என்று எழுதியவர்கள், அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை.

"நான் சொல்றேன்," என்றாள் நெனித். குரலில் எரிச்சல். "கரும்புப் பூ நிறம். வெள்ளையும் இல்ல, சாம்பலும் இல்ல. காத்தடிச்சா வெள்ளி மாதிரி ஒரு பக்கமா திரும்புமே, அந்த நிறம். இடது கை வலது கையைவிட ஒரு மடிப்பு கம்மி. தலை அந்தப் பக்கம் சாஞ்சிருக்குல்ல, அதனால வேணும்னே குறைச்சிருக்கா. மத்தவங்கள்லாம் கழுத்துல நகைக்கடையே வச்சிருந்தாங்க, இவ ஒரு மணி கூடப் போடல. கழுத்தே போதும்னு விட்டுட்டா. செருப்புதான் தப்பு. அந்த நிறத்தை எவளாவது அந்தக் கவுனுக்குப் போடுவாளா?"

மேடம் தெல்மாவே அசந்துவிட்டார்.

"இவ்வளவு பார்த்திருக்கே. ஏன்மா இதயம் போடல?"

"போட்டா அவ ஜெயிச்சிடுவாளே."

"பார்த்தவளுக்குத்தான் கிரீடம்," என்றார் மேடம் தெல்மா. அடுத்து ஜோவிலினின் முறை. நெனித்தின் பொம்மை என்ன உடுத்தியிருந்தது? பகையாளியின் படத்தை அவள் திறந்ததே இல்லை, நண்பர்களின் படத்தையே திறக்காதவள் அவள். பதில் தேடிய விரல் பழக்கதோஷத்தில் அந்தச் சேமித்த பாராட்டைத் தட்டிவிட்டது. "ஐயோ, என் கண்ணே பட்டுடும் போலிருக்கு" என்று குழுவில் பளிச்சென்று விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கிரீடம் நெனித்துக்குப் போனது.

ஜோவிலின் அழுதாள். கிரீடம் போன துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கோ அந்த இடது கை மடிப்புதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை தெருவைக் கடந்து ரொட்டிக் கடைக்குப் போய் நின்றாள்.

"ரெண்டு பியாயா குடு."

நெனித் உள்ளே வெல்லம் வைத்த அந்த ரொட்டியில் சூடாக இரண்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"செருப்பு நிஜமாவே ஒட்டலையா?"

"ஒட்டல."

"பின்ன என்ன போட்டிருக்கணும்?"

"ஒண்ணும் போட்டிருக்கக் கூடாது. அந்தக் கவுனுக்கு வெறுங்கால்தான்."

ஜோவிலின் கண்ணை மூடிப் பார்த்தாள். பாவி சொன்னது சரிதான்.

"உன் கவுன் கூட..." என்று ஆரம்பித்தாள். நெனித்தின் கை நின்றது. மெல்ல நிமிர்ந்தாள். அவளும் ஒரு மாதம் மாவு படிந்த கையைத் துடைத்துத் துடைத்து அந்தக் கவுனைச் செய்தவள்தானே. இடுக்கிய கண்ணோடு எதிரில் நிற்கிறவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணே பட்டுடும் போலிருந்துச்சுடீ," என்றாள் ஜோவிலின்.

நெனித் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தாள். "அடுத்து யாருங்க?" என்று பின்னால் நின்றவரைப் பார்த்துக் கேட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்த இனம் இல்லையே. பக்கத்து வீட்டுக் குழந்தையின் படத்துக்கும், நண்பர் எழுதிய நீண்ட கவிதைக்கும், மைத்துனர் வாங்கிய காருக்கும் நீங்கள் தினம் தினம் எழுதும் "சூப்பர்" எல்லாம் ஆற அமரப் பார்த்து, அனுபவித்து எழுதியதுதான். யார் இல்லை என்றார்கள்? இதைப் படித்து முடித்ததும் "அருமை" என்று நாலு பேருக்கு அனுப்பவும் போகிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஜோவிலினின் பொம்மை போட்டிருந்த செருப்பு என்ன நிறம்?

மேலே போய்ப் பார்க்கக் கூடாது.