மாமா பாதியில் விட்ட படம்

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவனைப் புதுமாப்பிள்ளை ஆக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் புதுமாப்பிள்ளை என்ன உளறினாலும் முதல் மாதம் முழுக்க எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். என்னைக் கெடுத்தது அந்த மரியாதைதான்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம். கனமூலையிலிருந்து நுரைச்சோலைக்கு மாப்பிள்ளையாகப் போய் ஆறாவது நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, புரியாணி வயிற்றை அடைத்திருந்த நேரம். மனைவியின் வாப்பா, மன்னாரிலிருந்து வந்து குடியேறியவர், ஒரு மர்மப்படத்தின் சீடியைப் போட்டார். பழைய படமொன்றைப் புதிதாகத் திரும்ப எடுத்திருந்தார்கள். பழையதை நான் நான்கு தடவை பார்த்தவன். (அந்த வயதில் எனக்கிருந்த ஒரே தகைமை அது.)

மாமா என்னை நல்ல கதிரையில் இருத்தினார். நான் முதல் காட்சியிலேயே தொடங்கிவிட்டேன்.

"பழசுல இந்த மழ இல்ல மாமா. வெறும் கதவுச் சத்தந்தான். அதுக்கே நெஞ்சு படபடக்கும்."

"ஓம் மருமகன்," என்றார் மாமா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பழைய கதாநாயகி அலறமாட்டாள், இவள் எதற்கெடுத்தாலும் அலறுகிறாள் என்றேன். பழையதில் இருட்டு கறுப்பாக இருந்தது, இதில் இருட்டும் நீலமாக இருக்கிறது என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்த மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கதவுத் திரைக்குப் பின்னால் என் மனைவி கையை ஆட்டினாள், விரலை உதட்டில் வைத்தாள். ஏதோ ஆசையில் செய்கிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்குச் சிரித்தேன். (அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.)

உற்சாகம் தலைக்கேறியது.

"பழசுல டொக்டர்தான் கொலகாரன் மாமா. கடைசி மட்டும் ஆருக்கும் புடிபடாது."

மாமா ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

மனைவி என்னைக் குசினிக்குள் அடுப்பருகே கூப்பிட்டாள்.

"மன்னார்ல வாப்பா அந்தப் பழைய படத்தப் பாதி பாத்திட்டு இருக்கக்குள்ளதான், யுத்தத்துல முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ஊர விட்டு வெளிக்கிட வேண்டி வந்த. வீடியோ டெக்கையும் உட்டுட்டு வள்ளத்துல வந்தவங்க. முடிவ ஆரும் சொல்லப்படாண்டு இருபத்திரண்டு வருஷமா காதப் பொத்திட்டு இருந்தவர். பழசு பொறகு அவருக்குக் கெடைக்கவே இல்ல. புதுசுலயாச்சும் மிச்சத்தப் பாப்பம்டுதான் இண்டைக்கிப் போட்டவர்."

அப்படியே கனமூலைக்கு நடந்து போய்விடலாம் போலிருந்தது. போக வழியில்லாமல், திரும்பிவந்து கதிரையில் விழுந்தேன்.

ஆனால் புதிய படத்தில் முடிவை மாற்றியிருந்தார்கள். டொக்டர் நல்லவர், தோட்டக்காரன்தான் கொலைகாரன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாருங்க மாமா, இதுல வேற ஆள்."

மாமா களைத்த குரலில் சொன்னார்: "புதுசுல ஆரு கொன்னா எனக்கென்ன மருமகன். நான் உட்டுட்டு வந்தது பழசத்தானே."



அன்றிலிருந்து அந்த வீட்டில் டீவி போடுமுன் "மருமகன் எங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கிரிக்கெட் மெட்சின் கடைசி ஓவரில் என்னைப் பாண் வாங்க அனுப்புவார்கள். மூத்த பிள்ளை பிறந்தபோது, ஆணா பெண்ணா என்று மாமிக்கும் மச்சான்மாருக்கும், எங்களைக் கொண்டுவந்து விட்ட த்ரீவீல்காரனுக்கும்கூடத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெஞ்சிக் கேட்டேன். மாமா என் தோளில் கைவைத்து வாங்கில் இருத்தினார்.

"அவசரப்படாதீங்க மருமகன். ஒரு இருபத்திரண்டு வருஷம் பொறுங்க."