ராணுவ லாரியில் வந்த சம்பந்திக்கு

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

ஆழ்வார்திருநகரி வாழைக்காய் மண்டி உரிமையாளர், மேன்மை தங்கிய முத்துச்செல்வம் அண்ணாச்சி அவர்களின் சமூகத்துக்கு, பெயிண்டுக் கடை லிங்கராஜ் தலை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி சீனித்தாயும் மகள் அனுசியாவும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் மதினி அருணாசலவடிவும் தங்கள் மகன் தம்பி சிவபாலனும் நலமாயிருக்க வேண்டும், முக்கியமாக என் லாரியில் குலுங்கி வந்த மதினியின் இடுப்பு. 'சம்பந்தி' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைய நிலவரத்தில் அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால் 'அண்ணாச்சி' என்று போட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து பதினொரு தடவை போன் அடித்தும் தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மன்னிப்புக்கு இரண்டு நீலக் கோடு விழுந்ததோடு சரி. ஆகவே காகிதம்.

என் லாரியைப் பற்றி முன்கூட்டியே சொல்லாதது முதல் தப்பு. அது சாதாரண லாரி இல்லை அண்ணாச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கனடா நாட்டில் செய்து, யுத்தத்துக்கென்று கப்பலில் வந்தது. மாப்பிள்ளையூரணிப் பக்கம் உடைமுள் காட்டுக்குள்ளே, ஆட்டுக்குட்டிகளுக்குக் கொட்டகையாக நின்றதை நான்தான் கண்டுபிடித்து இழுத்து வந்தேன். நாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். பச்சை நிறம் ராணுவப் பச்சையாக வரவேண்டும் என்று ஐந்து முறை அடித்து ஐந்து முறை சுரண்டினேன். "பெத்த மக காதுல கெடக்க கம்மல மாத்த நேரமில்ல, இந்த எருமைக்கு ஆறாவது கோட்டு பெயிண்டா?" என்று சீனித்தாய் கேட்டாள். நியாயமான கேள்விதான், கேட்டுக்கொண்டே ஆறாவது கோட்டை அடித்தேன். ஊரிலுள்ள லாரி மெக்கானிக்குகள் எல்லாரும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்காத ஒரே ஆள் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இஞ்சின் பார்க்கிற ரோச். அவர் டீசல் குழாய், தண்ணி பம்பு எல்லாவற்றையும் படகிலிருந்தே எடுத்து மாட்டி, ஒரு நாள் அதை உறும வைத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். "ஓடும்வே, ஆனா அடிக்கடி நிறுத்தக் கூடாது. நடுக்கடல்ல எவன் நிறுத்துதான்?" என்று மட்டும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை, இது இரண்டாவது தப்பு.

நிச்சயத்துக்குத் தங்களை அழைத்துவர வேன் பிடிக்கலாம் என்று சீனித்தாய் சொன்னாள். வேன் யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். என் ஒரே மகளை எடுக்க வருகிறவர்களை நான் என் கையால் உயிர் கொடுத்த வண்டியில், நானே ஓட்டி அழைத்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சத்தியமாக அது மரியாதைதான், வேறு ஒன்றும் இல்லை. முன்னால் இரண்டு வாழைமரம் கட்டினேன், மாலை போட்டேன், சுற்றிலும் சீரியல் லைட்டு, பின்னால் மேளக்காரர் நாலு பேர். ஒன்றே ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. புரட்டாசி கழியட்டும் என்று ஐப்பசி ஐந்தாம் தேதிக்கு நாள் குறித்தோமே தவிர, இந்த வருஷம் குலசை அம்மன் கோயில் தசரா ஐப்பசிக்குள்ளும் நீளுகிறது என்பதை நானும் பார்க்கவில்லை, தாங்களும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் வேஷம் கட்டி, வண்டி வண்டியாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு அலைகிற நேரத்தில், மேளத்தோடு, வாழைமரத்தோடு, ஒரு ராணுவ லாரி நிறையப் பட்டும் நகையுமாக ஆட்கள் வந்தால் சனம் என்ன நினைக்கும்?

ஏரல் கடைத்தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நிறுத்தினேன். அதன்பிறகு லாரி கிளம்பவில்லை. மேளக்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம், அடித்தார்கள். உடனே ஒரு கடைக்கார அண்ணாச்சி ஓடி வந்து தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மதினி கையில் வைத்திருந்த நிச்சயத் தட்டில் பத்து ரூபாயைப் போட்டுக் கும்பிட்டார். அவர் பின்னால் வரிசையே நின்றுவிட்டது. மதினியின் சிவப்புப் பட்டும், காற்றில் அவிழ்ந்த கூந்தலும், நெற்றிக் குங்குமமும் அப்படி அமைந்துவிட்டன. ஒரு அம்மா கைப்பிள்ளையை நீட்டி, "தாயே, காய்ச்சல் விட மாட்டேங்கு, துன்னூறு போடு" என்று அழுதபோது மதினி பாவம், போட்டுவிட்டார்கள். பிள்ளை அழுகையை நிறுத்தியது என்னவோ உண்மை. தாங்கள் தலைப்பாகையும் மீசையுமாக எழுந்து நின்று, "ஏலே, நாங்க வேசம் இல்லலே! எம் மவனுக்கு நிச்சயத்துக்குப் போறோம்!" என்று முழங்கினீர்கள். "ராசா வேசம் என்னமா வசனம் பேசுதாரு!" என்று கைதட்டினார்கள். கோட்டு சூட்டில் வேர்த்து நின்ற தம்பி சிவபாலனிடம் ஒருவர் போய், "இது கலெக்டர் வேசமா தம்பி?" என்று கேட்டதற்கும் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதற்குள் நிஜமான தசராக் குழு ஒன்று வந்து, அவர்கள் வசூலை நாம் கெடுப்பதாகச் சண்டைக்கு நின்றது. விஷயத்தைச் சொன்னதும் நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டே லாரியைத் தள்ளினார்கள். ஒரு காளி, இரண்டு குரங்கு, ஒரு போலீஸ், ஒரு எமன். ஊர் எல்லை வரை தள்ளியபிறகு இஞ்சின் பிடித்தது. தள்ளியவர்களை நடுரோட்டில் விட்டு வர மனம் வராமல் "ஏறுங்கப்பா, தூத்துக்குடி போயி வேற வண்டி பிடிச்சுக்கிடுங்க" என்றேன், மூன்றாவது தப்பு. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மில்லர்புரம் வந்து சேர்ந்தோம். வாசலில் சீனித்தாய் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். பின்கதவைத் திறந்ததும் முதலில் குதித்து இறங்கியது எமன். கையில் பாசக்கயிறு. "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றுதான் கேட்டான், அவன் நல்லவன், பேர் பொன்னுதுரை, வயரிங் வேலை பார்க்கிறான். ஆனால் நிச்சய வீட்டு வாசலில் முதலில் கால் வைத்தது எமன் என்றால் எந்த மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பார்கள்? தாங்கள் அப்படியே எல்லாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனது முழுக்க நியாயம். காசு விழுந்த அந்த நிச்சயத் தட்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அண்ணாச்சி, இனி விளையாட்டாக எழுத வரவில்லை. அனுசியா அழுதால்கூடத் தேவலை. நிச்சயப் பட்டை மடித்து வைத்துவிட்டுக் கடைக்கு வந்து, பெயிண்டு டப்பாக்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தம்பி சிவபாலனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவள் எந்த லாரியையும் கேட்கவில்லை. தப்பு செய்தது அவள் அப்பன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் சங்கிலியோடு வருகிறார். லாரி போகட்டும், நாலு வருஷம் போகட்டும், என் மகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தங்கள் மண்டியும் குடும்பமும் வாழைக்கன்று போலத் தழைத்துப் பெருகட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மதினியின் இடுப்புக்கு இத்துடன் ஒரு தைல பாட்டில்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
லிங்கராஜ்.

பின்குறிப்பு: இரும்புக் கடைக்காரர் வந்தார், திரும்பிப் போய்விட்டார். லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று அவரை விரட்டியது, அதை நாலு வருஷமாக எருமை என்று திட்டிய சீனித்தாயேதான். தட்டில் விழுந்தது அம்மன் காசாம், வாங்கினவர்களே குலசைக்குப் போய் உண்டியலில் சேர்க்க வேண்டுமாம், வாங்கின வண்டியிலேயே போக வேண்டுமாம். மதினியும் இவளும் நேற்று ராத்திரியே போனில் பேசி முடித்துவிட்டார்கள், தை மாதம் கல்யாணம் என்பது உட்பட. நம் இருவரிடமும் யாரும் சொல்லவில்லை. இப்போது தம்பி சிவபாலன் பைக்கில் வந்து, ரோச்சோடு லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார். "அப்பா கோவமாத்தான் இருக்காவ மாமா. ஆனா லாரி மேல இல்ல. ஏரல்ல அத்தன பேர் ராசான்னு கும்பிட்டாவளாம், வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒருத்தரும் கும்பிட மாட்டேங்கோமாம்" என்கிறார். அப்படியானால் மேலே கேட்ட மன்னிப்பு எதுவும் தேவையில்லை, கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று போனேன். அனுசியா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "அனுப்புங்கப்பா. கல்யாணத்துக்குப் பொறவு எப்படியும் தேவப்படும்" என்கிறாள். அதனால்தான் சம்பந்தி, தேதி போடாமல் அனுப்புகிறேன். எப்போது தேவையோ அப்போது தாங்களே போட்டுக்கொள்ளவும்.