நாலாயிரம் வருஷத்துக் கோரைப்பல்

காலை ஆறு மணிக்கே வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. பேருந்துக்குத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சேர்ந்துகொண்ட இரண்டு பேர், விஷயம் தெரிந்த பிறகும் விலகவில்லை. வந்தது வந்தோம், முன்னோர்களையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றுவிட்டார்கள்.

வரிசை ஏறிப்போன மாடியில் இருந்தவர் தாடை ஐயா. பலகையில் 'தொல்முன்னோர் நோய் ஆய்வு மையம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போன வருஷம் வரை அதே மாடியில் அதே ஆள் தொப்பை குறைக்கும் பெல்ட் விற்றுக்கொண்டிருந்தார். பெல்ட் போணியாகவில்லை, முன்னோர்கள் போணியாகிவிட்டார்கள்.

முறை இதுதான். ஒரு கிண்ணம் மாவைக் குழைத்து உங்கள் வாயில் அப்புவார்கள். நீங்கள் கடிக்க வேண்டும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் உங்கள் பல்வரிசை வெள்ளைவெளேர் என்று வெளியே வரும். ஐயா கண்ணை மூடி அதைக் கட்டைவிரலால் தடவுவார். தடவிக்கொண்டே நாலாயிரம் வருஷம் பின்னால் போய், உங்கள் முன்னோர் என்ன தின்றார்கள், எதில் செத்தார்கள், அதனால் இன்று உங்களுக்கு என்ன வியாதி என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். போய்வர இரண்டு நிமிஷம்தான்.

அச்சு காய்கிற நேரத்துக்கு ஒரு படிவம் தருவார்கள். அப்பா என்ன வேலை, தாத்தா என்ன வேலை, வீட்டில் யாருக்கு என்ன நோய், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்காருவார்கள். "உங்க வம்சத்துல மூச்சிரைப்பு இருந்திருக்குமே" என்பார் ஐயா. "எப்படிங்க ஐயா கண்டுபிடிச்சீங்க" என்று கண் கலங்குவார்கள். தான் எழுதியதையே தனக்கு வாசித்துக் காட்டினால் இவ்வளவு நெகிழ்கிற மக்கள் கிடைப்பது அபூர்வம்.

கடைசியில் அந்தப் பிளாஸ்டர் தாடைக்குத் தங்க வர்ணம் பூசி, கூடவே ஒரு டப்பா 'தொல்தானியப் பொடி'யும் கொடுத்து அனுப்புவார்கள்.

அப்படி ஒரு தங்கத் தாடையை நம் பல்செட்டுக்காரர் தன் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் பார்த்தார். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக மெழுகும் பிளாஸ்டருமாக வாழ்கிற மனுஷர். அவர் கண்ணுக்கு மற்றவர்கள் முகமெல்லாம் பிறகுதான், முதலில் பல்தான் தெரியும்.

"இது என்னக்கா?"

"என் முன்னோர் தாடை. கை கழுவிட்டுத் தொடு."

கை கழுவாமலே எடுத்துப் பார்த்தார். இடப்பக்கக் கோரைப்பல் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை அவருக்கு நன்றாகத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை நோய் ஈறை அரித்து அக்காவின் மேல்வரிசையை ஒட்டுமொத்தமாகக் காலி செய்தபோது, மகன் கல்யாணத்துக்குள் செட் வேண்டும் என்று அக்கா ஒரே மதியத்தில் மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது போனை எடுக்கத் திரும்பியபோது அவர் முழங்கை மெழுகில் பட்டது. செட் இறுகின பிறகுதான் பல் சாய்ந்தது கண்ணில் பட்டது. மாற்றித் தருகிறேன் என்றார். அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுதான் சொந்தப் பல்லு மாதிரி இருக்கு, விட்டுடு" என்றாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தக் கோரைப்பல்ல வச்சுத்தான் ஐயா எல்லாத்தையும் சொன்னாரு" என்றாள் அக்கா. "பல்லு இப்படிச் சாஞ்சா, பஞ்சத்துல காட்டுக் கிழங்கக் கடிச்ச வம்சமாம். பஞ்சத்துக்குப் பயந்து என் உடம்பு சர்க்கரையச் சேத்து வச்சிருக்காம். அது வியாதி இல்ல, சேமிப்பாம். மாத்திரை போட்டா முன்னோர் சேத்து வச்சத அழிச்ச மாதிரியாம்."

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"ரெண்டு மாசமாச்சு. பொடிதான் சாப்பிடுறேன்."

அப்போதுதான் அவர் அவள் காலைப் பார்த்தார். வலது பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த தோல் கறுத்திருந்தது.

"அக்கா, இது நான் செஞ்ச பல்லு."

"மெதுவா பேசுடா, மருமக உள்ள இருக்கா."

"செட்ட வாயில வச்சுக்கிட்டேவா அச்சு குடுத்தே?"

"பின்ன? அத்தன பேரு முன்னாடி கழட்டச் சொல்றியா? மாவோட சேந்து செட்டும் வந்துடுமோன்னு உசுரக் கையில புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பல்லு பொய்யா இருந்தா என்ன, வாய் என்னோடதுதானே. முன்னோருக்கு அது தெரியாதா?"

அவர் தாடையை ஃப்ரிட்ஜின் மேல் திரும்ப வைத்தார். அக்கா விடவில்லை. "ஊரே அவரத் தேடிப் போகுது. நீ பொய்ப்பல்லு செய்றவன்தானே."

சுருக்கென்றது. ஆனாலும் அந்த விரலை நினைத்து நேராகப் பல் டாக்டரம்மாவிடம் போனார். பல காலமாக அவருக்கு வேலை தருகிறவர்.

"முன்னோர் வழியா வியாதிக்கான வாய்ப்பு வர்றது நிஜம்தான்" என்றார் டாக்டரம்மா. "மண்ணுக்குள்ள கிடந்த பழைய பல்லையும் எலும்பையும் எடுத்து, இப்ப இருக்கிற ஆயிரக்கணக்கானவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. வருஷக்கணக்கான வேலை அது. கட்டைவிரல்ல தடவிச் சொல்ற சமாச்சாரம் இல்ல. அப்படியே வம்சத்துல வந்த சர்க்கரைன்னாலும், மாத்திரைய விடாம போடணும்னுதான் அர்த்தம், விட்டுடுன்னு இல்ல. இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போட்டா விரலோட நிக்காது."

டாக்டரம்மா சொன்னதைச் சொல்லியும் அக்கா அசையவில்லை. வியாழக்கிழமை ஐயாவிடம் மூன்றாவது வாசிப்பு இருக்கிறது, அவர் சொல்லட்டும் என்றுவிட்டாள்.

வியாழக்கிழமை பல்செட்டுக்காரரும் வரிசையில் நின்றார். செட் செய்தபோதே பட்டறையில் அதற்கு ஒரு பிளாஸ்டர் நகல் எடுத்து வைத்திருந்தார். அதை மாவு குழைக்கிறவரிடம் நீட்டி, "வாயெல்லாம் புண்ணுங்க, தொழில் தெரிஞ்சவன்கிறதால அச்சை நானே எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். படிவத்தில் அப்பா கொல்லர், தாத்தா கொல்லர், எனக்குத் தீராத இருமல் என்று எழுதினார். அப்பா நிஜத்தில் தபால்காரர். இருமல் அவருக்கு வந்ததே இல்லை.

கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அக்கா, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயா படிவத்தின் மேல் ஒரு பார்வை ஓட்டிவிட்டுக் கண்ணை மூடினார். தடவினார். கட்டைவிரல் கோரைப்பல்லில் நின்றது.

"ஆஹா. இந்தப் பல்லு சாஞ்சிருக்கு பாருங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு சம்மட்டி அடிச்ச வம்சம். நாலாயிரம் வருஷத்து உலைப்புகை. அதான் இருமல்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒரு பெரியவர் கைகூப்பினார். அக்கா மட்டும் மேடையில் இருந்த தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இதே பல்லு போன தடவ கிழங்கு கடிச்சுதுங்களே" என்றார் பல்செட்டுக்காரர். "இது செட்டுப் பல்லு. பெட்டியில வர்ற கம்பெனிப் பல்ல வாங்கி நான்தான் வரிசையா ஒட்டினேன். சாஞ்சது என் முழங்கை பட்டு."

ஐயா சிரித்தார். பெல்ட் விற்ற காலத்துச் சிரிப்பு. "அப்படியா? யாரோட செட்டு? ஆளக் காட்டுங்க பார்ப்போம்."

"ஆளக் காட்டு" என்றது கூட்டம்.

பல்செட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தார். முதல் வரிசைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஆளே இல்லையாம்" என்றார் ஐயா. சிரிப்பு எழுந்தது. யாரோ பல்செட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முன்னோரைப் பழிக்கிறான், வெளியே தள்ளுங்கள் என்று ஒரு குரல் வந்தது.

"அவன விடுங்க."

அக்கா எழுந்தாள். நொண்டியபடி மேடைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டு, மேல்செட்டைக் கழற்றி, பிளாஸ்டர் தாடைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாய்ந்த பல்லுக்குப் பக்கத்தில் அதே சாய்ந்த பல். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பல் இல்லாத வாயில் வார்த்தை காற்றாகத்தான் வந்தது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"கிழங்கு கடிச்சவங்களும் இதுக்குள்ளதான் இருந்தாங்க, சம்மட்டி அடிச்சவங்களும் இதுக்குள்ளதான் இருக்காங்களா ஐயா?"

"பொய்ப்பல்லுன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார் ஐயா. நெற்றி வியர்த்திருந்தது.

"நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது தெரியுது. நாலு வருஷத்துக்கு முன்னாடி என் பல்லு கொட்டினது தெரியலையா?"

முதலில் சிரித்தது, அன்றைக்கும் பேருந்துக்கு என்று நினைத்து வரிசையில் சேர்ந்திருந்த ஒரு ஆள். அப்புறம் கூடமே சிரித்தது. சற்றுமுன் கைகூப்பிய பெரியவர் தன் படிவத்தைத் திருப்பிக் கேட்டார். ஐயா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பல்செட்டுக்காரர் அக்காவை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பெருவிரல் நுனி போயிற்று. கால் பிழைத்தது. மறுநாள் சாயங்காலம் மருமகள் பார்க்க வந்தபோது அக்கா தயங்கித் தயங்கி செட் விஷயத்தைச் சொன்னாள். "எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும் அத்தை" என்றாள் மருமகள். "மொதல்ல மாத்திரையப் போடுங்க."

கதை இதோடு முடிந்திருந்தால் ஊருக்கு மரியாதை. அடுத்த வாரம் பல்செட்டுக்காரரின் பட்டறைக்கு மூன்று பேர் வந்தார்கள். அன்று கூடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தான்.

"அந்த ஆளு ஏமாத்துக்காரன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றார் ஒருவர். "நீங்கதான் பல்லப் பத்தி நல்லா தெரிஞ்சவரு. எங்க முன்னோருக்கு என்ன வியாதின்னு நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்க முன்னோர் எத்தனையோ பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் தப்பிச்சு வந்து உங்களுக்கு ரெண்டு குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒண்ணு பல்லு. அது போனா வாங்க, நான் செட்டு செஞ்சு தர்றேன். இன்னொண்ணு மண்டைக்குள்ள இருக்கு. அதுக்கு செட்டு கிடையாது, இருக்கிறப்பவே கொஞ்சம் பயன்படுத்திக்குங்க."