லோகநாயகியின் நாவலும் என் குறைத்தாளும்

என் மனைவியின் நாவலைத் தீர்த்துக்கட்டுவது என்று லீவு போட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை முடிவு செய்தேன்.

கொலைக்குக் காரணம் சாம்பார். லோகநாயகி எழுத ஆரம்பித்த மூன்று மாதத்தில், எங்கள் நெமிலிச்சேரி வீட்டுச் சாம்பாரில் உப்பைத் தேடவேண்டியதாயிற்று. நாவலில் கதாநாயகி பவித்ராவுக்குக் கதாநாயகன் அஸ்வின் சாக்லேட் வாங்கித் தருவான். எனக்குக் கருகின தோசை.

நான் மணவாளன். ஆவடியில் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். இருபது வருஷமாக இரும்பையே திருப்பி அனுப்புகிறவனுக்கு இருநூறு பக்கக் கல்லூரிக் காதல் எந்த மூலைக்கு?

"படிச்சிட்டு உண்மைய சொல்லுங்க," என்று நோட்டை நீட்டினாள். "உங்க பேக்டரில எப்டி எழுதுவீங்களோ, அப்டியே எழுதணும்."

"தாங்குவியா?"

"இருவத்திரண்டு வருஷமா உங்களையே தாங்கிகினு கீறேன்."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். வெறும் குறையை எழுதினால் குறைத்தாள் செல்லாது. பக்கத்திலேயே தீர்வும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உட்கார்ந்தேன். விளாசித் தள்ளினேன். கடைசியில் பெரிதாக ஒரு கையெழுத்து.

சாயங்காலம் தாளைச் சத்தமாக வாசித்தாள்.

"குறை ஒண்ணு: இந்தக் கல்லூரியில் வகுப்பே நடக்கவில்லை. முப்பது அத்தியாயமும் கேன்டீனும் ஸ்டேஷனும்தான். எழுதியவர் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை என்று தெரிகிறது. தீர்வு: கால் வைத்துவிட்டு வந்து எழுதவும்."

எழுதும்போது சிரித்தவன்தான். அவள் குரலில் கேட்டபோதுதான் உறைத்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன் நான். 'நான் படிக்க வைக்கிறேன் மாமா' என்று கரையான்சாவடியில் அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவனும் நானேதான்.

அவள் அழவில்லை. அடுத்ததற்குப் போனாள்.

"குறை ரெண்டு: அஸ்வின் டீ போடுகிறான். பவித்ராவை ஸ்டேஷனில் விடுகிறான். அவள் பேசினால் குறுக்கே பேசுவதில்லை. இப்படி ஓர் ஆண் உலகத்தில் கிடையாது. தீர்வு: மாதிரி ஒன்று செய்து காட்டினால் ஏற்கலாம்." நிமிர்ந்தாள். "செஞ்சு காட்டறது யாரு வேல?"

தொழில் கர்வம் வந்துவிட்டது எனக்கு. "தீர்வு எழுதிக் கையெழுத்துப் போட்டவன்தான் முடியற வரைக்கும் பொறுப்பு. இது இருபது வருஷ ரூல்."

"மாத்த முடியாதே?"

"மேனேஜராலயே முடியாது!"

"அப்போ சரி. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. தமிழ் சேந்துட்டேன். சனி, ஞாயிறு வகுப்பு. நாளைக்குதான் மொத நாள். ஏழு மணி ட்ரெயினு. அஞ்சரைக்கு டீ. ஸ்டேஷன் வரைக்கும் பைக்."

"லோகு, அது வந்து..."

"அஸ்வின் குறுக்க பேச மாட்டான்."

அஞ்சு மணிக்கு அலாரம் வைத்தேன்.

"ஓரத்துல பென்சில்ல இன்னாமோ கீதே?"

எங்கள் படிவத்தில் நிறைக்கு இடமே கிடையாது. அதனால் ஓரத்தில் கிறுக்கியிருந்தேன். அழிக்க மறந்துவிட்டேன். அதையும் வாசித்தாள்: "ரயிலைத் தவறவிட்டு, ஒரே கடலைப் பொட்டலத்தை ரெண்டு பேரும் பேசாமல் தின்னும் இடம் நன்றாக இருக்கிறது. ரெண்டு தடவை படித்தேன்."

அந்த வரியை இன்னொரு தடவை தனக்குள் படித்தாள். பிறகு, "வகுப்பெல்லாம் பாத்துட்டு திருப்பி எழுதப் போறேன். பொஸ்தகமா வரும்போது பின்னட்டைக்கு வேணும். இத மட்டும் பேனாவால எழுதிக் குடுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அஞ்சரைக்கு டீ போட்டேன். புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, அதே குறைத்தாளின் அடியில் எழுதி நீட்டினாள்:

"குறை: சர்க்கரை இல்லை. தீர்வு: மூன்று வருஷம் போட்டுப் பழகவும். இப்படிக்கு, லோகநாயகி, பி.ஏ. முதலாம் ஆண்டு."